சத்தம் போடாத பிரேக்

ஏற்காட்டுக் காப்பித் தோட்ட முதலாளி தீர்த்தகிரியிடம் 1952-ஆம் வருஷத்துப் பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. வண்டி சாஸ்திரம் தனக்குத் தெரிந்த அளவு அந்த மலையில் யாருக்கும் தெரியாது என்பது அவருடைய தீர்மானம். ஆயுத பூஜைக்கு மறுநாள், எவ்வளவு மிதித்தும் பிரேக் பிடிக்காமல் அந்த வண்டி காப்பிச் செடிகளுக்குள் போய் நின்றது.

“பிரேக்கைக் கெடுத்தது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லு. இல்லேன்னா நீதான் கெடுத்தே, வேலையை விட்டுப் போயிடு” என்றார் டிரைவர் குழந்தைவேலிடம்.

சேலத்து மெக்கானிக் பிரேக் ஆயிலை மாற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். குழந்தைவேல் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தார். உள்ளே பிரேக் கட்டைகள் நல்லெண்ணெயில் மினுங்கின. ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வேறு. பூஜையன்று ஷெட் சாவி முதலாளியிடம் மட்டுமே இருந்தது.

பூஜைக்கு வந்திருந்த விருந்தாளிகளோடு நின்ற முதலாளியிடம் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனார். “ஐயா, பிரேக்குல கிறீச்சுன்னு ஒரு சத்தம் வருமே, அது அடியோட போயிடுச்சுங்க. லேசுப்பட்ட வேலை இல்லீங்க. நம்ம சேலத்து அண்ணன் கைவரிசையாத்தான் இருக்கணும்.”

தீர்த்தகிரிக்குப் பொறுக்கவில்லை. “அவனுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு கட்டைக்கும் நானே என் கையால எண்ணெய் தேய்ச்சேன்யா.”

மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. “கட்டை உரசினாத்தானேங்க வண்டி நிக்கும்?” என்றார் மெல்ல.

விருந்தாளிகள் எல்லாரும் தீர்த்தகிரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

குழந்தைவேல் பணிவாகக் கேட்டார்: “கெடுத்தது யாருன்னு இனியும் நான் சொல்லணுங்களா, ஐயா?”