கொக்கலாஞ்சேரிக் கண்மாயில் நூற்றுப் பன்னிரண்டு வாத்துகள்

கொக்கலாஞ்சேரிக்காரர்களைப் பற்றி யார் என்ன குறை வேண்டுமானாலும் சொல்லட்டும். சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் என்று மட்டும் ஒருவரும் வாயைத் திறக்க முடியாது. சொன்னதைச் செய்வார்கள், சொன்னதை மட்டும் செய்வார்கள். ஒருமுறை அந்த ஊர் வழியாகப் போன வியாபாரி ஒருவர், உள்ளூர்க்காரர் ஒருவரிடம் "இங்கேயே நில்லுங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே சொந்த ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். நின்றவர் எட்டு மாதம் நின்றார். அவருடைய கல்யாணத்தையும் அந்த இடத்தில் வைத்துத்தான் நடத்தினார்கள்.

இப்படிப்பட்ட ஊரைத் தேடிப்பிடித்து ஒரு ஜமீன்தார் வேலை கொடுத்தார் என்றால், அவரை என்னவென்று சொல்வது? நான் ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொக்கலாஞ்சேரிக் கண்மாயில் ஐப்பசி மழைக்குப் பிறகு புள்ளிமூக்கு வாத்துகள் வந்து கோரைக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். தை பிறந்ததும் ஜமீன்தார் துப்பாக்கியோடு வருவார். அதற்கு முன்னால் மார்கழியில் வேட்டைக்காரர்கள் நாலு பேர் கண்மாயில் இறங்கி, வாத்து எத்தனை, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லவேண்டும். வருஷா வருஷம் இதை வடக்கூர்க்காரர்கள்தான் செய்துவந்தார்கள். அந்த வருஷம் ஜமீன்தாருக்கும் வடக்கூர்த் தலைவருக்கும் ஒரு வேட்டைநாய் விஷயமாகப் பேச்சு முறிந்துபோயிற்று. வேலை கொக்கலாஞ்சேரி ஒச்சப்பனுக்கு வந்தது. வேலையோடு வேட்டைத் தலைவனுக்கு உரிய சிவப்பு உருமாவும் வந்தது.

அந்த உருமா தலையில் ஏறிய அன்றுதான், கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவையாக, ஒச்சப்பனின் மனைவி இருளாயி அவரை "வாங்க" என்று கூப்பிட்டாள். அதுவரை "இந்தா" என்பாள். அன்றிலிருந்து அவர் உருமாவோடு சாப்பிட்டார், உருமாவோடு குளித்தார், உருமாவோடு தூங்கினார். கழற்றினால் மறுபடியும் "இந்தா" ஆகிவிடுவோமோ என்று உள்ளுக்குள் பயம்.

ஜமீன்தார் கூப்பிட்டு உத்தரவு போட்டார்.

"ஒச்சப்பா, இந்தத் தடவை வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் வேட்டைக்கு வரார். எதுவும் பிசகக் கூடாது. வாத்து எத்தனை ஜோடின்னு ஆண் வேற பெண் வேற எழுதி அனுப்பு. ஆள்னு தெரிஞ்சா வாத்து கலைஞ்சிடும், அதனால தலையைப் பானைக்குள்ள மறைச்சுக்கிட்டு இறங்குங்க. எண்ணி எழுதின பிறகு, வேட்டை முடியற வரைக்கும் ஒண்ணு கூடக் குறையக் கூடாது. கண்மாய்ல தண்ணி என் முழங்கால் அளவு நிக்கணும். அதிகமா இருந்தா வாத்து நடுவுல போயிடும், குண்டு எட்டாது. நான் சொன்னதைத் தவிர வேற எதையும் செய்யாதே. வேற எவன் சொன்னாலும் காதுல போட்டுக்காதே. பிசகினா, அந்த உருமாவைக் கழற்றி வடக்கூர்க்காரன் தலையில கட்டிடுவேன்."

ஒச்சப்பன் உருமாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

மறுநாள் காலையில் நாலு பேர் கரையில் கூடினார்கள். ஒச்சப்பன், அவருடைய அக்காள் மகன் நல்லகாமன், நல்லகாமனின் மச்சான் வீரணன், ஒச்சப்பனின் தம்பி மொக்கையன். மொக்கையனுக்கு எழுத்து தெரியும் என்பதால் கணக்கு எழுதும் பொறுப்பு அவனுக்கு. மூன்று பேர் சோற்றுப் பானை கொண்டுவந்தார்கள். ஒச்சப்பன் மட்டும் நெல் அவிக்கிற பெரிய பானை கொண்டுவந்தார், உருமாவும் உள்ளே போகவேண்டுமே.

பானையைக் கவிழ்த்துக்கொண்டதும் ஒரு சந்தேகம் வந்தது.

"மாமா, ஒண்ணும் தெரியலையே" என்றான் நல்லகாமன்.

"பானைக்குள்ள இருந்தா அப்படித்தான் இருக்கும்" என்றார் ஒச்சப்பன்.

"கண்ணுக்கு நேரா ரெண்டு ஓட்டை போட்டுக்கிட்டா என்ன?"

"ராசா ஓட்டை போடச் சொன்னாரா?"

"சொல்லல."

"சொன்னதைத் தவிர வேற எதையும் செய்யாதேன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்ப இறங்கு."

இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர். கண் தெரியாததால், முட்டினால் ஒன்று என்று எண்ணுவதாக முடிவு செய்துகொண்டார்கள். பொழுது சாய்ந்து கரையேறியபோது மொக்கையன் முதல் நாள் குறிப்பை எழுதினான்: 'வாத்து முப்பத்தேழு. எல்லாம் மண்டை கெட்டியான ஜாதி. முட்டினால் பறப்பதில்லை. யாரது என்று கேட்கின்றன.'

இரண்டாம் நாள் முட்டியதில் நல்லகாமனின் பானை ஓரிடத்தில் பெயர்ந்து, கண்ணுக்கு நேராக ஒரு பொத்தல் விழுந்துவிட்டது. உள்ளே வெளிச்சம் வந்ததும் அவன் பயந்துபோனான். உத்தரவை மீறியாகிவிட்டதா என்று நாலு பேரும் கழுத்தளவு கோரைக்குள் நின்று வெகுநேரம் ஆலோசித்தார்கள். கடைசியில் ஒச்சப்பன் தீர்ப்புச் சொன்னார்.

"ஓட்டை போடக்கூடாதுன்னுதான் உத்தரவு. விழக்கூடாதுன்னு இல்ல. நீ பாரு. நாங்க கேட்டுக்கிறோம்."

அப்படியாக நல்லகாமனின் ஒற்றைக் கண்ணால் கணக்கெடுப்பு ஒழுங்காக நடக்கத் தொடங்கியது. ஆண் வேறு, பெண் வேறு எழுதவேண்டும். அங்கேதான் சிக்கல்.

"மாமா, முன்னால ஒண்ணு போகுது, பின்னால ஒண்ணு போகுது. ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி. இதுல எது புருசன்?"

"இதுல என்ன கேள்வி? நான் சந்தைக்குப் போறப்ப உங்க அத்தை எங்க வருவா?"

"பின்னால."

"அப்ப முன்னால போறது புருசன். எழுதிக்க."

கொஞ்ச நேரம் கழித்து நல்லகாமனின் குரல் மறுபடி வந்தது. "மாமா, மேற்கே போனது எல்லாம் கிழக்கே திரும்பி வருது. இப்பப் பொண்டாட்டி முன்னால வருது."

பெரிய பானை மேற்கேயும் கிழக்கேயும் ஒரு தரம் திரும்பியது.

"அப்ப அது இப்பப் புருசனாயிருச்சு" என்றான் வீரணன்.

"ஒரே நாள்லயா மச்சான்?"

"வாத்து சமாச்சாரம் நமக்கு என்ன தெரியும்?"

மொக்கையன் எழுதினான்: 'மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. காலையில் ஆண் ஐம்பத்தாறு, பெண் ஐம்பத்தாறு. மாலையில் மாற்றிப் படிக்கவும்.' ஓலை அரண்மனைக்குப் போனது. அங்கே ஒருவர் படித்தார், ஒருவர் முத்திரை குத்தினார், ஒருவர் பெட்டியில் வைத்தார். பிசகு இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் கொக்கலாஞ்சேரிக்காரர்களை மட்டும் பார்த்துச் சிரிப்பீர்களே என்பதற்காக.

மிச்சமிருந்தது தண்ணீர். முழங்கால் அளவு நிற்கவேண்டும்.

மொக்கையன் குட்டையன், வீரணன் நெட்டையன். இரண்டு பேர் முழங்காலுக்கும் ஒரு சாண் வித்தியாசம். யார் முழங்கால் என்று விவாதம் வந்தபோது ஒச்சப்பன் கையை உயர்த்தினார்.

"ராசா என்ன சொன்னாரு? 'என் முழங்கால்'னு சொன்னாரு. உன் முழங்காலும் வேணாம், என் முழங்காலும் வேணாம். மொக்கை, கயித்தை எடுத்துக்கிட்டு அரண்மனைக்குப் போ. தரையில இருந்து ராசா முழங்கால் வரைக்கும் அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டா."

மொக்கையன் போன நேரம் ஜமீன்தார் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மொக்கையன் ஓசைப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்கால் வரைக்கும் கயிற்றைப் பிடித்து அளந்தான். துரை வருகைக்குப் புதுக் காலுறை தைக்க ஆள் வந்திருக்கிறான் என்று நினைத்து ஜமீன்தாரும் பேசாமல் ரசம் விட்டுப் பிசைந்தார்.

மொக்கையன் கொண்டுவந்த கயிற்றில் முடிச்சு நாலு விரற்கடையில் இருந்தது.

மற்ற மூன்று பேரும் கயிற்றைக் கையில் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"நல்லா அளந்தியா?" என்றார் ஒச்சப்பன்.

"ரெண்டு தடவை அளந்தேண்ணே."

"பெரிய மனுசங்க முழங்கால் இவ்வளவு கீழயா இருக்கும்?"

"அதான் அவரு எங்க போனாலும் குதிரையிலயே போறாரு" என்றான் வீரணன். எல்லோருக்கும் அப்போதுதான் விளங்கியது. ஜமீன்தாரை நினைத்து நல்லகாமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. நாலு விரற்கடைதான் நிற்கவேண்டும். நாலு பேரும் போய் மடையைத் திறந்தார்கள். மூன்று நாள் தண்ணீர் ஓடியது. கயிற்று முடிச்சுக்குச் சரியாக வந்ததும் மடையை அடைத்துவிட்டு, வேலை முடிந்த திருப்தியோடு கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

அப்போது கோரைக்குள்ளிருந்து தாய் வாத்துகள் குஞ்சுகளைப் பின்னால் கூட்டிக்கொண்டு வரிசையாகக் கரையேறின. நாலு பேரையும் தாண்டி, வரப்பில் இறங்கி, வடக்கூர்க் கண்மாய்ப் பக்கம் நடந்தன. மற்றவை வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே பக்கம் பறந்தன. கண்மாயில் சேறும் கொக்கும்தான் மிச்சம். விடிந்தால் துரை வருகிற நாள்.

ஒச்சப்பன் உருமாவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையை நான் கேலி செய்யமாட்டேன். இருபது வருஷம் "இந்தா" கேட்ட மனுஷன், ஒரு மாதம்தான் "வாங்க" கேட்டிருக்கிறார்.

"மாமா, அழாதீங்க" என்றான் வீரணன். "நூத்திப் பன்னெண்டுல ஒண்ணு கூடக் குறையக் கூடாதுன்னுதானே உத்தரவு?"

"ஆமா."

"அதே வாத்துதான் இருக்கணும்னு சொன்னாரா?"

ஒச்சப்பன் அழுகையை நிறுத்தினார். "சொல்லல."

அன்று ஊரில் ஒரு வீட்டிலும் உலை வைக்கவில்லை. பானை எல்லாம் தலைக்குத் தேவைப்பட்டது. விடிந்ததும் கைக்குழந்தை உட்பட ஊரே கண்மாய்க்குள் இறங்கி, பானையைக் கவிழ்த்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தது. இருளாயி, கணக்கு மாறிப்போகாமல் இருக்க, புருஷனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நல்லகாமன் பொத்தல் வழியாக எண்ணினான். மூன்று தடவை எண்ணினான்.

"மாமா, நூத்திப் பதினொண்ணு. ஒண்ணு குறையுது. கரையில பானை ஒண்ணு இருக்கு. ஆள்தான் இல்ல."

ஒச்சப்பன் பதில் சொல்வதற்குள் குளம்புச் சத்தம் கேட்டது. ஜமீன்தாரும் துரையும் கரைமேல் வந்து குதிரையை நிறுத்தினார்கள். ஊரே ஒரே குரலில் "குவாக்" என்றது.

ஜமீன்தாருக்கு முகத்தில் ரத்தம் இல்லை. துரைக்குத் தமிழ் வரும், நின்று நின்று வரும்.

"இது... என்ன?" என்றார் துரை.

ஊருக்கெல்லாம் உத்தரவு போடுகிற ஜமீன்தாருக்கு, துரை முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "இது... இது எங்கள் ஜமீன் மரியாதை, துரைகளே. மிகப் பெரிய விருந்தாளி வந்தால், ஊரே வாத்தாக உட்கார்ந்து வரவேற்கும். தொன்றுதொட்டு வழக்கம்."

துரை தொப்பியைக் கழற்றினார். கண்மாயை ஒரு தரம் மெல்லச் சுற்றிப் பார்த்தார். பிறகு கரையில் இருந்த தனிப் பானையைப் பார்த்தார்.

"ஊரே என்றால்... நீங்களும்?"

இல்லை என்றால் மரியாதைக் குறைவு. ஆமாம் என்றால் சேறு. ஜமீன்தார் குதிரையிலிருந்து இறங்கினார். சரிகை அங்கவஸ்திரத்தை மடித்துக் கரையில் வைத்தார். பானையைக் கவிழ்த்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி உள்ளே போய், ஒச்சப்பனுக்குப் பக்கத்தில், அவருக்குத் தெரிந்த ஒரே விதமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

ஒச்சப்பன் தண்ணீருக்கடியில் கயிற்றை நீட்டித் தடவிப் பார்த்தார். முடிச்சும் தண்ணீரும் ஜமீன்தாரின் முழங்காலும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"மொக்கை, அளவு எம்புட்டுச் சரியா இருக்கு பாத்தியா" என்றார் மெதுவாக.

"நூத்திப் பன்னெண்டு" என்றான் நல்லகாமன்.

"நல்லா இருக்குங்க" என்றாள் இருளாயி, பின்னாலிருந்து.

துரைக்கு மனசு இளகிவிட்டது. இவ்வளவு அன்பான வாத்துகளைச் சுடமாட்டேன், வேட்டையை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, சலாம் வைத்துவிட்டுக் குதிரையைத் திருப்பினார். குளம்புச் சத்தம் தேய்ந்ததும் ஜமீன்தார் எழுந்தார். தோளில் ஒரு கை விழுந்து, அவரை மறுபடி சேற்றில் உட்கார வைத்தது.

"டேய் ஒச்சப்பா, விடுடா."

"முடியாதுங்க. வேட்டை முடியற வரைக்கும் ஒண்ணு கூடக் குறையக் கூடாதுன்னு ராசா உத்தரவு. வேட்டை அடுத்த வருசம்தான்."

"அந்த உத்தரவைப் போட்டதே நான்தாண்டா."

ஒச்சப்பன் உருமாவைப் பானையோடு சேர்த்து நிமிர்த்திக்கொண்டார்.

"ராசா கரையில நின்னு பேசுவாருங்க. வேற எவன் சொன்னாலும் காதுல போட்டுக்காதேன்னு சொல்லியிருக்காரு. அதுலயும், நீங்க நூத்திப் பன்னெண்டாவது வாத்து."