செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பிய கம்ப்யூட்டர்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சிங்காரவேலரின் வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது.

“மருமகள்தான் கெடுத்துவிட்டாள். நான் எதையும் தொடவில்லை. என் சுயசரிதையில் ஓர் எழுத்துகூடப் போகாமல் சரிசெய்!” என்று, பழுதுபார்க்க வந்த நூர்ஜகானை அதட்டினார்.

அவள் சோதித்துப் பார்த்தாள். “செவ்வாய்க்கிழமை நல்லா ஓடின நிலைக்கே கொண்டுபோயிடலாம் சார். நீங்க எழுதினது அப்படியே இருக்கும். புதன்கிழமை ஏத்தின ஒரு சாஃப்ட்வேர் மட்டும் போயிடும். அதுதான் கோளாறு.”

“என்ன சாஃப்ட்வேர்?”

“போட்டோவுல நரைச்ச மீசையைக் கறுப்பாக்குறது.”

சிங்காரவேலர் இருமினார்.

“ஏத்தினவங்களைக் கேக்காம எடுக்கறது தப்பு சார். மருமகளைக் கூப்பிடட்டுமா?”

“ஐயோ, வேண்டாம்! ஏத்தினவனே சொல்றேன், எடுத்துடும்மா!”

கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. சுயசரிதையும் முழுதாக இருந்தது. சிங்காரவேலர் நிமிர்ந்து பார்த்தால், காபியோடு மருமகள் வசுமதி நின்றாள்.

“நரைதான் மாமா உங்களுக்கு எடுப்பா இருக்கு,” என்றாள்.