தோளில் கிடந்த கை

"டீச்சர், மூணாவது தடவையா அவரைச் சாகடிச்சிட்டேன்."

மாடிப்படி ஏறிவந்த மூச்சு அடங்குமுன் செல்லையா சொன்னார்.

ரெஜினா டீச்சர் டீக்கிளாஸைக் கீழே வைத்தார். செல்லையாவைவிடப் பத்து வயது இளையவர். கம்ப்யூட்டரில் படம் திருத்த அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்.

"யாரை அண்ணே?"

"பாட்டுக்காரர் தொபியாஸை. அவரோட முதல் ஆல்பம், அட்டைப்படம் என் பொறுப்பு. அனுப்பினா, 'என்னவே, எனக்குக் கண்ணீர் அஞ்சலியா அடிக்கீரு? நான் இன்னும் சாகலைவே'ங்கிறார். இன்னிக்குள்ள சரியா வரலைன்னா முகமே வேண்டாம், வெறும் கறுப்பு அட்டை போதும்னுட்டார்."

பதினாலு வருஷமாக அஞ்சலி போஸ்டர் செய்கிறவர் செல்லையா. கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து ஒரு ஆளை வெட்டி எடுப்பார். தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை மறைப்பார். முகத்தை வெளுப்பார். பின்னால் வானம் வைப்பார். ஊர்ச் சுவரில் பாதி அவர் வேலைதான்.

உயிரோடு இருக்கிற முகம் அவருக்கு இதுதான் முதல்.

"வானத்தை எடுத்துட்டேன். முகத்தை வெளுக்கவே இல்ல. அப்படியும் போய்ச்சேர்ந்தவர் மாதிரியே நிக்கிறார்."

"தூங்கினீங்களா?"

"மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தேன். ஒரு கனவு. எங்க பார்த்தாலும் வெள்ளை. நான் வெட்டியெடுத்த ஜனமெல்லாம் அதுல மிதக்குது. யாரும் பேசல. எல்லாருக்கும் ஒரு பக்கமா உடம்பு சாஞ்சிருக்கு, காத்துல சாஞ்ச மரம் மாதிரி. காத்துதான் இல்ல."

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். உப்பளத்து வெளிச்சம் அறைக்குள் பாலாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அவர் பாட்டைப் போடுங்க. படத்தையும் திறங்க."

செல்லையா டீச்சரின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பென்டிரைவைச் செருகினார். தொபியாஸின் குரல் எழுந்தது. கரையிலிருந்து யாரோ படகைக் கூப்பிடுவதுபோல் நீண்டு, திரும்பி வந்தது. திரையில் அவர் தனியாக நின்றார்.

டீச்சர் பின்னால் வந்து செல்லையாவின் தோளில் கை வைத்தார்.

ஒண்டியாக உட்கார்ந்தே பழகிய உடம்பு. அது தன்னையறியாமல் அந்தக் கைப்பக்கம் சாய்ந்தது.

"அப்படியே இருங்க. அசையக் கூடாது."

இருந்தார்.

டீச்சர் கையை எடுத்தார். திரையை அணைத்தார்.

கறுப்புக் கண்ணாடியில் ஒரு ஆள் தெரிந்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒன்றுமில்லாததைத் தாங்கிக்கொண்டு.

அந்தப் போஸ்டரைச் செல்லையாவுக்குத் தெரியும். பின்னால் வானம்தான் பாக்கி.

"டீச்சர்..."

"டீ ஆறுது" என்று அவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

செல்லையா திரையை மறுபடி போட்டார். கம்ப்யூட்டரில் மறைத்தது எதுவும் போய்விடுவதில்லை, அடியிலேயே இருக்கும், வெள்ளை பிரஷ்ஷால் தடவினால் வரும். முதல் நாள் வகுப்பில் டீச்சர் காட்டியது.

தொபியாஸின் தோளில், தான் மறைத்த இடத்தில் தடவினார்.

முதலில் விரல் நுனி வந்தது. பிறகு ஒரு நெளி மோதிரம். கண்ணாடி வளையல் ஏறிய மணிக்கட்டு. அதோடு படத்தின் ஓரம் முடிந்தது.

யார் கையோ. அப்படியே அனுப்பினார்.

பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது. போன் அடித்தது.

"செல்லையா."

"சொல்லுங்க."

தொபியாஸ்தான்.

"ஏவே, அது எங்க அக்கா கை."

"எடுத்திரவா?"

"தொட்டீர்னா கொன்னுபோடுவேன்." தொபியாஸ் சிரித்தார். மூக்கை உறிஞ்சினார். "இப்பத்தான்வே நான் பாடுறேன்."

செல்லையா போனை வைத்துவிட்டு எழுந்தார். செருப்பைத் தேடினார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"என் கடைக்கு. பழைய படம் ஒண்ணையும் நான் அழிக்கல டீச்சர். எல்லார் கையும் அங்கதான் கிடக்கு."