மரகதத்தம்மாள் வீட்டுச் சுவர்

காங்கேயத்தில் மரகதத்தம்மாளின் வீட்டுக்குக் காலையில் சிலர் வருவார்கள். கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்கள். அம்மா அதிகம் பேசமாட்டார். கேட்டால் பதில் சொல்வார், அதுவும் கேட்டவர் கேட்டு முடித்த பிறகுதான்.

நாச்சிமுத்து அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட சீடர். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். வீட்டுச் சாவி, மோட்டார் சுவிட்ச், குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. அம்மா கொடுத்த பொறுப்பு இல்லை, அவராக எடுத்துக்கொண்டது.

வந்த ஜோரில், ஒழுகிக்கொண்டிருந்த பழைய திருகு குழாய்களை எல்லாம் கழற்றிப் போட்டார். கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினால் மூடிக்கொள்ளும் புதுக் குழாய்களை மாட்டினார். யார் கை கழுவினாலும் பின்னாலேயே போய், அவர்கள் கையை எடுப்பதற்குள் பட்டென்று தட்டி மூடிவிடுவார். தண்ணீர் வீணாவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதைவிட, மற்றவர்கள் மூடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா வாயால் ஒரு உபதேசம். அதற்காகத்தான் வீடு வாசலை விட்டு வந்து கிடந்தார்.

"எப்பங்கம்மா?" என்று கேட்டார்.

"வீடு அமைதியாகட்டும். தர்றேன்" என்றார் அம்மா.

வீடு அமைதியாக இல்லை. கூடத்தில் உட்கார்ந்தவர்கள் கண்ணை மூடி, மூச்சு சீராகி, மனசு அப்படியே அடங்கப் போகும் நேரம் பார்த்துச் சுவருக்குள்ளிருந்து டொம் என்று ஒரு சத்தம் வரும். யாரோ உள்ளே இருந்து உலக்கையால் இடித்த மாதிரி இருக்கும். பின்னாலேயே கடகடவென்று ஒரு நடுக்கம் கூடத்துச் சுவர் முழுக்க ஓடி அடங்கும்.

நாச்சிமுத்து அதைத் தன்மேல் போட்ட வழக்காகவே எடுத்துக்கொண்டார்.

முதலில் ஒரு பிளம்பர் வந்தார். சுவரைத் தட்டினார், காதை வைத்தார், பீடி பிடிக்க வெளியே போனார். திரும்பி வந்து, "காத்து அடைச்சிருக்குதுங்க" என்றார். காற்றை எடுத்துவிட்டார். அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் டொம்.

அடுத்து வந்த பிளம்பர், "காத்தா? எவன் சொன்னது? பைப்பே தப்பா போட்டிருக்குது" என்றார். எந்த இடத்தில் தப்பு என்று கேட்டதற்கு, "செவுத்தை ஒடச்சாத்தான் தெரியும்" என்றார். உடைக்க ஆள் அனுப்புகிறேன் என்று போனவர் அதன்பின் போனே எடுக்கவில்லை.

நாச்சிமுத்து உளியும் சுத்தியலும் வாங்கி வந்தார்.

"நாச்சிமுத்துண்ணா, அந்தக் குழாயை..." என்று அம்மா ஆரம்பித்தார்.

"குழாயெல்லாம் புதுசுங்கம்மா, நானே மாட்டுனது. கோளாறு செவுத்துக்குள்ள" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்து போய்விட்டார்.

குளியலறைச் சுவரை உடைத்தார். உள்ளே பைப் சமர்த்தாக, ஒரு ஈரக்கசிவுகூட இல்லாமல் படுத்திருந்தது. சமையலறைப் பக்கம் உடைத்தார். அங்கேயும் அப்படியே. வீடு முழுக்க சிமெண்ட் தூள். கண்ணை மூடி உட்கார்ந்தவர்கள் தும்மினார்கள்.

இது போதாதென்று பாவாயக்கா வந்து சேர்ந்தார். எதிர்த் தெருவில் மாவு மில் வைத்திருப்பவர். ஒருநாள் தன் மகளுக்கு வந்திருந்த வரனைப் பற்றி மனசுக்குள் யோசித்துக்கொண்டிருந்தபோது சுவர் டொம் என்றதாம். வரன் அமைந்துவிட்டது. அன்றிலிருந்து பல்லி சொல்லுக்குக் காத்திருப்பதுபோல ஆட்கள் சுவர் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். ஒருத்தர் சுவருக்குச் சந்தனப் பொட்டே வைத்துவிட்டார்.

"பொட்ட அழிங்க! அது பைப்புங்க, பைப்பு!" என்று கத்தினார் நாச்சிமுத்து.

"நீங்க எதுக்குங்க கோவப்படறீங்க? அது உங்களுக்குச் சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும்" என்றார் பாவாயக்கா.

நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. கொடுமை என்னவென்றால், அவர் சந்தைக்குப் போய்விட்டு வந்து, "சத்தம் வந்துச்சுங்களா?" என்று கேட்டால், "இல்லீங்களே" என்பார்கள். வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கழுவி, குழாயைத் தட்டி மூடினால் டொம்.

"நான் இல்லாதப்ப மூச்சுக் காட்டறதில்ல. என்னையக் கண்டா மட்டும் இதுக்கு என்ன பகைன்னு தெரியல" என்று சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

அம்மா இன்னொரு முறை முயன்றார். "அண்ணா, நீங்க கைய..."

"கையில ஒண்ணும் அடிபடலீங்க" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு, அவர் உளியைத் தேடிப் போய்விட்டார்.

அம்மா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் எரிச்சல் வந்திருக்க வேண்டும். அன்று வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தார்.

இதற்கு நடுவில் போன் வேறு. நாச்சிமுத்துவுக்கு ஒரு அண்ணன் உண்டு. அர்த்தநாரி என்று பெயர், ஊரில் தோட்டம் பார்க்கிறவர். பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளைய மகன். அந்த முறைப்படி நாச்சிமுத்துதான் வைத்திருக்க வேண்டும். அவர் பஸ் மாறி மயானத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் வைத்துவிட்டார். "தம்பி, என்ன நடந்துச்சுன்னா..." என்று அண்ணன் கிட்டே வந்தார். தம்பி கேட்க நிற்கவில்லை. ஆத்தாளின் சிதையைத் தூரத்திலிருந்து ஒருதரம் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தவர்தான், அதன்பின் ஊர்ப்பக்கம் போகவே இல்லை.

அர்த்தநாரி விடவில்லை. அடிக்கடி கூப்பிடுவார். தோட்டத்தில் நின்று கத்திப் பழகிய குரல், ஸ்பீக்கர் போடாமலே கூடத்துக்குக் கேட்கும். "தம்பி" என்ற முதல் வார்த்தை விழுந்ததும் நாச்சிமுத்து போனை வைத்துவிடுவார். எடுக்காமலே விட்டுவிடலாமே என்று பாவாயக்கா ஒருமுறை கேட்டுப் பார்த்தார். எடுத்து வைத்தால்தான் அவனுக்கு உறைக்கும் என்றார் நாச்சிமுத்து.

ஒருநாள் காலையில் அவர் கூடத்துச் சுவரையே உடைத்தார். சந்தனப் பொட்டு வைத்த இடம். பாவாயக்கா கோபித்துக்கொண்டு எழுந்து போனார், அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே பைப் பளபளவென்று இருந்தது. அதைப் பிடித்திருந்த ஒரு கிளாம்ப் கூடக் கழலவில்லை.

நாச்சிமுத்து சுத்தியலைத் தூக்கி எறிந்துவிட்டு, இடிபாட்டின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சுண்ணாம்பு.

"என்னால முடியலீங்கம்மா. இந்தச் செவுரு என்னைய ஏமாத்துது. இது அடங்கவும் போறதில்ல, எனக்கு உபதேசம் கிடைக்கவும் போறதில்ல. நான் கெளம்பறேன்."

அம்மா எழுந்து, கூடத்து ஓரத்தில் கை கழுவும் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் கொட்டியது. நாச்சிமுத்துவின் கை தானாக அந்தப் பக்கம் நீண்டது. அம்மா அந்தக் கையைப் பார்த்தார். கை திரும்பிப் போனது.

அம்மா கைப்பிடியை மெல்லத் தள்ளினார். தண்ணீர் தடித்த கயிறாக இருந்து, நூலாகி, சொட்டாகி நின்றது.

சுவர் சும்மா இருந்தது.

மறுபடி திறந்தார். கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு பட்டென்று ஒரே தட்டில் மூடினார்.

டொம். உடைந்த சுவருக்குள் பைப் துள்ளியதை நாச்சிமுத்து கண்ணால் பார்த்தார்.

எழுந்து வந்தார். அவரும் திறந்தார், மெல்ல மூடினார். சத்தமில்லை. தட்டி மூடினார். டொம். மறுபடி மெல்ல மூடிப் பார்த்தார். அதற்குமேல் சோதிக்க அவருக்குத் தெம்பில்லை.

"தண்ணி பாஞ்சு வந்துட்டு இருக்கறப்ப மூஞ்சியில அடிச்ச மாதிரி நிறுத்துனா, அது எங்க போகும்? போய்ச் செவுத்துல முட்டுது" என்றார் அம்மா.

நாச்சிமுத்து பெயர்ந்து கிடந்த சுவர்களைப் பார்த்தார். கோபம் தலைக்கேறியது.

"இது உங்களுக்கு மொதல்லயே தெரியுங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைய இத்தனை செவுத்த ஒடைக்க விட்டீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா? ஒரே ஒரு வார்த்தை!"

"சொல்ல வந்தனே அண்ணா" என்றார் அம்மா. "ஒவ்வொரு தடவையும் பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டீங்க."

நாச்சிமுத்து போய், தூக்கி எறிந்த சுத்தியலை எடுத்து ஓரமாக வைத்தார்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். பழக்கதோஷத்தில் பட்டனை அழுத்திக் காதில் வைத்தார்.

"தம்பி" என்றது குரல்.

விரல் போனை வைக்கப் போனது. அம்மா இன்னும் குழாய்க் கைப்பிடியில் கை வைத்தபடியே நின்றிருந்தார். விரல் பாதியில் நின்றது.

மறுமுனையில் ஒன்றும் பேச்சில்லை. முதல் வார்த்தைக்கு அப்பால் இதுவரை போனதில்லை என்பதால், அர்த்தநாரிக்கு அடுத்து என்ன சொல்வது என்றே தெரியவில்லை போலிருக்கிறது. மாடு கத்துவது கேட்டது.

"தம்பி... வெச்சுப்போட்டியா? லைன்ல இருக்கறயா?"

நாச்சிமுத்துவின் சுண்ணாம்பு அப்பிய கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. இருக்கிறேன் என்று சொல்லப் பார்த்தார், முடியவில்லை.

அம்மா பக்கத்தில் வந்து போனை நோக்கிக் குனிந்தார்.

"இருக்காருங்க. நீங்க சொல்லுங்க."