கரடியின் எட்டு இழுப்பறைகள்

அன்று கரடியின் பட்டறையில் இருந்தவர்கள்: கரடி, முயல், முயலின் குட்டிகள் நான்கு, குரங்கு, உடும்பு. ஆக எட்டுப் பேர். மேலே மருதமரக் கிளையில் ஒரு மரங்கொத்தியும் இருந்தது. அது கீழே இறங்கி வராததால் கணக்கில் சேர்க்கவில்லை.

கரடி அந்தக் காட்டின் தச்சன். குகை வாசலுக்குப் பக்கத்தில், பாறை நீட்டிக்கொண்டிருந்த நிழலில் பட்டறை வைத்திருந்தது. பட்டறை நடுவில் ஒரு வேலைமேசை. நான்கு கால்கள், மேலே கனத்த பலகை. மேசைக்கு அடியில் மரச்சுருளும் தூசியும்தான்.

முயல் ஒரு வேப்பம்பலகையை இழுத்துக்கொண்டு வந்திருந்தது. ஆற்றில் மிதந்து வந்த பலகை.

"அண்ணே, என் வளைக்கு ஒரு கதவு செய்து கொடுங்கள். மழை வந்தால் நாகத்தின் புற்றில் தண்ணீர் ஏறிவிடும். அது காய்ந்த வளையாகத் தேடி வரும். போன மழைக்கு எனக்கு ஐந்து குட்டிகள். மழை விட்டபோது மூன்று!"

குட்டிகள் நான்கும் தாயோடு ஒட்டிக்கொண்டன.

"கவலைப்படாதே தங்கச்சி!" என்றது கரடி. "கதவு நான்கு நாள் வேலை. மழைக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. பதினாறு நாள் மிச்சம்!"

முயல் கூலியாக ஒரு கூடை உலர்ந்த இலுப்பைப்பூ கொடுத்தது. கரடி அதை நின்ற இடத்திலேயே தின்று முடித்தது. பிறகு உளியைத் தேடியது. உளி கிடைக்கவில்லை. மரச்சுருளைக் கிளறியது. குப்புறப் படுத்துத் தேடியது. கடைசியில் உளி அதன் காலடியிலேயே கிடந்தது.

"என்ன கரடியண்ணே, தச்சன் பட்டறையா, கோழி கிளறிய குப்பையா?" என்று குரங்கு சிரித்தது. "மேசைக்கு அடியில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே! ஓர் இழுப்பறை போட்டால் என்ன?"

கரடி மேசையின் அடியைப் பார்த்தது. அதுவரை அங்கே ஒன்றும் இல்லை என்பதே அதற்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

"ஒன்றே ஒன்று," என்றது கரடி. "உளிக்கு மட்டும். இரண்டே நாள். அப்புறம் கதவு."

இரண்டு நாளில் இழுப்பறை முடிந்தது. மேசையின் பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் பலகை அடித்து, அழகாகத்தான் செய்திருந்தது. உளியை உள்ளே வைத்தது. இழுத்தது, தள்ளியது, மறுபடி இழுத்தது.

உடும்பு தலையை ஆட்டியது. "உளிக்கு வீடு கட்டியாயிற்று. அதன் தலையில் அடிக்கிற கொட்டாப்புளி மட்டும் தெருவில் கிடக்க வேண்டுமா? அதுவும் உளியோடு பிறந்ததுதானே!"

கரடிக்கு மனசு கேட்கவில்லை. கொட்டாப்புளிக்கு ஓர் இழுப்பறை செய்தது. அப்புறம் பலகை சீவும் இழைப்புளிக்கு. அப்புறம் ரம்பத்துக்கு. இப்படி எட்டு நாள் போனது. கையில் இருந்த மரமும் தீர்ந்தது.

முயல் வந்து எட்டிப் பார்த்தது. "அண்ணே, கதவு?"

"அதற்குத்தான் எல்லா ஏற்பாடும் நடக்கிறது! கருவிகள் ஒழுங்காக இருந்தால் கதவு தானாக வரும்."

முயல் தலையசைத்துவிட்டுப் போனது. கரடி சுற்றிலும் பார்த்தது. பாறைச்சுவரில் முயலின் வேப்பம்பலகை சாய்ந்திருந்தது.

"கதவுக்கு இவ்வளவு பெரிய பலகை தேவையில்லை," என்று கரடி தனக்குள் சொல்லிக்கொண்டது. துளைக்கோலுக்கு ஓரத்தை வெட்டியது. சுத்தியலுக்கு இன்னும் கொஞ்சம். மூலைமட்டத்துக்கு மீதியில் பாதி. கருவிகள் மொத்தம் ஏழு. இழுப்பறையும் ஏழு ஆயிற்று.

"மேசைக்கு இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் மூன்று. பார்க்க நொண்டி மாதிரி இருக்கிறதே!" என்றது குரங்கு.

பலகையின் மிச்சமும் தீர்ந்து, எட்டாவதும் வந்தது. அதற்குள் வைக்க எதுவும் இல்லை. கரடி ஒரு பனையோலையில் எந்தக் கருவி எந்த இழுப்பறையில் என்று எழுதி, அதை உள்ளே வைத்தது.

கரடியின் பெருமை இழுப்பறைகளின் இறுக்கம்தான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே வெளிச்சம்கூட நுழையாது. "எறும்பு ஒன்று இதற்குள் போனால் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன்!" என்றது.

மரங்கொத்தி மேலிருந்து கூவியது. "அண்ணே, மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும்! நகக்கண் அளவாவது இடம் விடுங்கள்!"

"மரத்தில் ஓட்டை போடுகிறவர் எனக்கு மரவேலை சொல்லித் தருகிறார்!" என்றது கரடி. குரங்கும் உடும்பும் விழுந்து விழுந்து சிரித்தன.

பதினாறாம் நாள் மாலை கரடி எல்லாக் கருவிகளையும் அதனதன் இடத்தில் வைத்து மூடியது. விரல்விட்டு எண்ணியது. "இன்னும் நான்கு நாள். கதவுக்கும் நான்கு நாள். கணக்கு சரி!"

மழைக்கு அந்தக் கணக்கு தெரியாது. அது பதினேழாம் நாள் காலையிலேயே வந்துவிட்டது.

மூன்று நாள் அடைமழை. பாறை நிழலுக்குள்ளும் சாரல் அடித்தது. மூன்றாம் நாள் கரடி எழுந்து பட்டறைக்கு வந்தது. ஓலையைப் பார்க்காமலே அதற்கு நினைவிருந்தது. உளி முதல் இழுப்பறையில். பிடியைப் பற்றி இழுத்தது. வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தது. பிடி மட்டும் கையோடு வந்தது.

இரண்டாவது வரவில்லை. மூன்றாவது வரவில்லை. எட்டும் வரவில்லை.

"உடும்பே! உன் பிடியைக் காட்டு!" என்று கரடி கூப்பிட்டது.

உடும்பு இரண்டாவது இழுப்பறையின் பிடியைக் கவ்வியது. குரங்கு உடும்பின் வாலைப் பிடித்தது. கரடி குரங்கின் இடுப்பைப் பிடித்தது. "ஏலேலோ!" என்று மூன்றும் இழுத்தன. மேசை மூன்று முழம் நகர்ந்து வந்தது. உடும்பும் பிடியை விடவில்லை, இழுப்பறையும் மேசையை விடவில்லை.

அந்த நேரத்தில் முயல் நனைந்தபடி ஓடிவந்தது. குட்டிகள் நான்கும் பின்னால்.

"அண்ணே! நாகம் புற்றை விட்டுக் கிளம்பிவிட்டது. ஓடைக்கரையில் பார்த்தேன். என் கதவு எங்கே?"

"கருவிகள் எல்லாம் பத்திரமாக அதனதன் இடத்தில் இருக்கின்றன," என்றது கரடி மெல்ல.

"எடுங்களேன்!"

"இழுப்பறை இறுகிவிட்டது. ஓர் உளி இருந்தால் கொஞ்சம் சீவிவிட்டுத் திறந்துவிடலாம்."

"உளி எங்கே?"

கரடி முதல் இழுப்பறையைக் காட்டியது.

"கல்லால் உடைத்துவிடுவோமா?" என்றது குரங்கு.

"ஐயோ!" என்று கரடி மேசையைக் கட்டிக்கொண்டது. "பதினாறு நாள் வேலை!"

முயல் சுவரைப் பார்த்தது. அங்கே பலகை இல்லை. பிறகு மேசையைப் பார்த்தது. கடைசி நான்கு இழுப்பறைகளின் முகப்பும் வேப்பமரம்.

"நான் ஒரே ஓர் இழுப்பறைதான் சொன்னேன்," என்று குரங்கு முணுமுணுத்தது.

"சரி அண்ணே," என்றது முயல். "இனி உளி வந்தும் பயனில்லை. பலகையே இல்லை. என் பலகை எங்கே இருக்கிறதோ, அதுவே என் வாசலுக்கு வரட்டும். மேசையைத் தூக்குங்கள்!"

"மேசையையா?"

"எறும்பு நுழையாது என்று சொன்னீர்களே. பாம்பு நுழையுமா, பார்ப்போம்!"

கரடி குனிந்து முதுகைக் கொடுத்தது. நான்கு கால், எட்டு இழுப்பறை, ஏழு கருவி, ஓர் ஓலை. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு சேற்றில் நடந்தது. முயலும் குட்டிகளும் வளைக்குள் போனதும், மேசையை வாசலோடு சேர்த்துத் தள்ளியது. ஓரங்களில் சேறு வைத்து அப்பியது. பிறகு மூச்சு வாங்க மேசைமேல் ஏறி உட்கார்ந்தது.

நாகம் வந்தது. கரடி காலைத் தூக்கிக்கொண்டது.

நாகம் முதல் இழுப்பறையின் விளிம்பில் நாக்கை நீட்டிப் பார்த்தது. மேலே பார்த்தது, கீழே பார்த்தது. எட்டையும் சுற்றி வந்தது.

"யார் செய்த வேலை இது?"

"நான்தான்," என்றது கரடி. பயம் பாதி, பெருமை பாதி.

"அருமையான வேலை! மயிரிழை இடைவெளி இல்லையே! இப்படி ஒரு கைத்திறனை நான் பார்த்ததில்லை."

"ரொம்ப நன்றி."

"இவை திறக்குமா?"

"திறக்காது."

"அப்படியானால் எதற்கு இழுப்பறை என்கிறாய்? சுவர் என்று சொல்!" நாகம் திரும்பி, ஓடையைத் தாண்டிப் போனது. கரடியின் இழுப்பறைகளைப் பாராட்டியது அது ஒன்றுதான்.

ஆனால் சுவருக்குள் முயல்கள் எத்தனை நாள் இருக்கும்? புல் மேய வெளியே வர வேண்டுமே! அதனால் கரடி தினமும் காலையில் வந்து மேசையை நகர்த்தியது. மாலையில் மறுபடி வாசலுக்குத் தள்ளியது. மழை இன்னும் ஐம்பத்திரண்டு நாள் நீடித்தது. நாளுக்கு இரண்டு முறை. மொத்தம் நூற்று நான்கு முறை.

இடையில் நரி ஓர் ஊஞ்சல் கேட்டு வந்தது. கீரி கட்டில் கேட்டது. "மேசை வெளியே போயிருக்கிறது," என்று சொல்லி அனுப்பியது கரடி.

மழை விட்டது. குட்டிகள் வெளியே வந்தன. முயல் எண்ணியது: நான்கு. நம்பாமல் மறுபடி எண்ணியது. அப்போதும் நான்கு. கரடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அடுத்த மழைக்குப் பலகை கொண்டுவருவேன் அண்ணே. ஆனால் கதவு முடிகிறவரை பலகைமேலேயே உட்கார்ந்திருப்பேன்!" என்றது.

தை மாத வெயிலில் மரம் காய்ந்து சுருங்கியது. ஒரு நாள் இழுப்பறைகள் தாமாகவே வழுக்கிக்கொண்டு திறந்தன. இரும்பு எல்லாம் துருவேறித் தூளாகக் கொட்டியது. கட்டையால் ஆன கொட்டாப்புளி மட்டும் முழுசாக இருந்தது.

செய்ய வேண்டிய வேலையை நிறுத்திவைத்துவிட்டு அதற்கான ஏற்பாட்டையே செய்துகொண்டிருப்பவர், கடைசியில் அந்த ஏற்பாட்டைத்தான் முதுகில் சுமக்க நேரும். கையில் மிஞ்சுவதும் ஏழில் ஒன்றுதான்.