ஒரு கரண்டி உறைமோர்

அரண்மனைக் களஞ்சியத்துக்கு அதிகாரியான அம்பலவாணருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு உலகம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் ஊரில் உண்டு. தெரியாததைக் கேட்பதற்கு வயதென்ன, வழுக்கையென்ன என்று அவர் பாட்டுக்கு அவளுடைய மடத்துக்கு வந்து போவார்.

அன்று காலை வந்தவருடைய முகம் சரியாக இல்லை.

"கடல் கடந்த ராஜாவோட தூதர் நாளைக்கு வர்றாரும்மா. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நெல்லுக் கப்பல் அனுப்புறோம்கிறாங்க. சும்மாவே தர்றாங்களாம். வாங்கிக்கிறதா, வேண்டாம்கிறதா? நம்ம ராஜா அதை என் தலையில கட்டிட்டார்."

"பஞ்சத்துல வந்த அதே கப்பல்தானே?"

"அதேதான். அது வரலைன்னா பாதி நாடு செத்திருக்கும்."

"நானும் அந்த அரிசியிலதான் கஞ்சி குடிச்சேன். இப்ப என்ன தயக்கம்?"

"மழை திரும்பி ரெண்டு வருஷம் ஆச்சு. வயல்ல இறங்கத்தான் ஆளில்லை. சும்மா நெல்லு கிடைக்கையில எவன் நாத்து நடுவான்? நட்டவன் நெல்லையும் சீண்ட ஆளில்லை."

"பெரிய ஏரி நிரம்பிச்சா?"

"எங்கே நிரம்ப? பாதி மண்மேடு. தூர் வார்ற ஆளையெல்லாம் மூட்டை இறக்கத் துறைமுகத்துக்கு அனுப்பிட்டேன்." அதைச் சொல்லும்போது அவருக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அடுத்ததைச் சொல்லும்போதுதான் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக்கூடாதும்பாங்க. வேண்டாம்னுட்டு, நாளைக்கு வானம் பொய்ச்சா நான் என்ன பண்ணுவேன்?"

பஞ்சத்தில், கப்பல் வருவதற்கு ஒன்பது நாள் முன்னால், அவர் பேத்தி போய்விட்டாள். அந்த ஒன்பது நாளை அவர் இன்னும் மறக்கவில்லை.

உலகம்மை எழுந்து உள்ளே போய் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தாள்.

"தயிருக்கு உறை இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட ஒரு கரண்டி உறைமோர் வாங்கிட்டு வாரும்."

அவர் போனார். திரும்பும்போது கிண்ணம் காலியாக இருந்தது. இடுப்பில் ஒரு சட்டி நிறையத் தயிர். கத்தியால் வெட்டலாம், அவ்வளவு கெட்டி.

"ஆச்சிக்குத் தங்கமான மனசும்மா! உறைமோர் எதுக்கு, தயிராவே கொண்டு போன்னுட்டாங்க. இனிமே தினமும் தர்றாங்களாம்."

"நான் கேட்டது என்ன?"

"உறைமோர்."

"நீர் கொண்டு வந்தது?"

அம்பலவாணர் தலையைச் சொறிந்தார். "மனசாரக் கொடுக்கிறவங்களை எப்படிம்மா வேண்டாம்கிறது?"

"அதையும் ஆச்சிகிட்டயே பழகிட்டு வாரும்."

களஞ்சிய அதிகாரி தயிர்ச் சட்டியைச் சுமந்துகொண்டு மறுபடியும் தெருவில் இறங்கினார். கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுபோகும் மனிதரைத் தெருவே வேடிக்கை பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, வேர்க்க விறுவிறுக்க, கிண்ணத்தில் உறைமோரோடு மட்டும் வந்தார்.

"ஆச்சி கோவிச்சாங்களா?"

"முகம் சுருங்கிப் போச்சு. என் தயிர்ல என்ன குறை கண்டேன்னாங்க. குறை ஒண்ணுமில்லை ஆச்சி, அப்புறம் வீட்டுப் பாலை என்ன பண்றதுன்னு கேட்டேன். சிரிச்சுட்டாங்க. மாடு வத்தின அன்னிக்குக் கூச்சப்படாம வா, தயிராவே தர்றேன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க."

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் தெளிந்துவிட்டது.

"போதும்மா. நாளைக்குத் தூதர்கிட்ட விதைநெல்லு மட்டும் கேட்கிறேன். பஞ்சம் வந்தா கப்பலைக் கேட்டுக்கிறேன்." மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"இரும். உறையை ஊத்திட்டுப் போம்."

அவர் அடுப்படிக்குப் போய்ப் பால் சட்டியின் மூடியைத் திறந்தார். சட்டி கழுவிக் கவிழ்த்து எடுத்ததுபோல் காய்ந்து கிடந்தது.

"பாலே இல்லையேம்மா. இந்த உறையை எதுல ஊத்த?"

"மாடு தொழுவத்துல நிக்குது, கறந்தா ஆச்சு. உம்ம ஏரிக்காரங்க எங்கே நிக்கிறாங்க?"

அம்பலவாணர் கிண்ணத்தைச் சிந்தாமல் கீழே வைத்து மூடிவிட்டு, துறைமுகத்துக்குப் போகும் பாதையில் இறங்கி நடந்தார்.