கலங்கரை விளக்கத்தைச் செய்தது யார்?

தலைமையாசிரியர் தணிகாசலம் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டால், அந்த ஊரில் பெற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நாலாம் வகுப்புக்கு அவர் இந்த வாரம் செய்யச் சொன்னது கலங்கரை விளக்கம். திங்கட்கிழமை மேசை நிறையத் தெர்மாகோல் கோபுரங்கள் பளபளத்தன. சிலவற்றில் பேட்டரி விளக்குகூட எரிந்தது.

செம்மலர் கொண்டுவந்தது மட்டும் களிமண். ஈரம்கூடக் காயாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இது என்ன, கரையான் புற்றா?" என்றார் சார். வகுப்பு சிரித்தது. "நாளைக்கு இதுங்க மாதிரி ஒண்ணு செஞ்சு கொண்டு வா. இல்லாட்டி வகுப்புக்குள்ள கால் வைக்காதே."

"சரி சார்," என்றாள் செம்மலர். "இருக்கிறதுலேயே இந்தச் சிவப்புக் கோபுரம்தான் அழகு. இதைச் செஞ்சவங்க எப்படின்னு சொல்லிக் கொடுத்தா, நானும் செஞ்சிடுவேன்."

சாருக்குப் பெருமை தாங்கவில்லை. அது அவர் மகள் நறுமுகை கொண்டுவந்தது. "எழுந்திரும்மா. சொல்லிக் கொடு."

நறுமுகை எழுந்தாள். கோபுரத்தைப் பார்த்தாள், செம்மலரைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"அப்பா, நீங்களே சொல்லிக் கொடுங்களேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அவரவர் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் தன் கட்டைவிரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினார். பிறகு செம்மலர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"இது ஏம்மா சாஞ்சிருக்கு?"

"பிடிச்சுக்க ஆளில்ல சார். அம்மா வேலைக்குப் போயிட்டாங்க."

அவர் இரண்டு கையாலும் அந்தக் களிமண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பிடிச்சுக்கறேன். நீ நிமிர்த்து."